நெருப்புக்கு மேற்கே

தலைக்குச் சாயம் அடிப்பதில்லை என்று பல வருடங்களாக வீம்பாக இருந்தவன் நான். போன சனிக்கிழமை அந்த வீம்பு போயிற்று. மகளைப் பெண் பார்க்க நியூ ஜெர்சி பிளெய்ன்ஸ்பரோவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். பிளானோவில் எங்கள் வீட்டுக் குளியலறையில் முக்காலி போட்டு என்னை உட்கார வைத்து, கழுத்தைச் சுற்றிப் பழைய துண்டு ஒன்றைப் போர்த்தி, கிண்ணத்தில் கலவையைக் குழைத்தாள் மனைவி.

"ஆடாம உக்காருங்க. காதுல பட்டுச்சுன்னா அப்புறம் எவ்ளோ ஸ்க்ரப் பண்ணாலும் போகாது."

வாசல்வரை வந்த மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனாள். "வாப்பா, இட் ஸ்மெல்ஸ் லைக் எ லேப்!"

அம்மோனியா வாடை. கண்ணைக் கரித்துத் தண்ணீர் வந்துவிட்டது. மனைவி பதறிப்போய் ஈரத்துணியால் துடைத்தாள். சாயத்தால் வந்த கண்ணீர் என்றே அவள் நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உங்களிடம் சொல்வதற்கு என்ன? அந்த வாடை என்னைத் தொண்ணூறாம் வருடத்து அறை ஒன்றுக்குள் கொண்டுபோய்த் தள்ளிவிட்டது. வரைபடங்களுக்கு நகல் எடுக்கும் அறை. அங்கே நகல் எடுக்கும் இயந்திரம் அம்மோனியாவில்தான் ஓடும். காலையில் கதவைத் திறந்ததும் மூக்கில் குத்தும்.

டாலஸுக்கு வடக்கே, ஃப்ரீவேயை ஒட்டிய இரண்டு மாடிக் கட்டடம் அது. பிளானோ அப்போது பாதி பருத்திக்காடு. இன்று நீங்கள் தோசை மாவு வாங்குகிற இடத்தில் அன்று மாடு மேய்ந்தது என்றால் நம்ப மாட்டீர்கள். எங்கள் கம்பெனியின் வேலை, பூமிக்கு அடியில் எண்ணெய் இருக்குமா என்று பார்த்துச் சொல்வது. பாலைவனத்தில் குழி போட்டு வெடி வைப்பார்கள். அந்த அதிர்ச்சி கீழே போய்ப் பாறையில் மோதித் திரும்பும். அந்த எதிரொலியை நாடாக்களில் பதிந்து எங்களுக்கு அனுப்புவார்கள். நாங்கள் அதைக் கம்ப்யூட்டரில் போட்டு அலசிப் பாறை அடுக்குகளின் படமாக்கித் தருவோம். டாக்டர்கள் வயிற்றை ஸ்கேன் எடுப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படமும் கல்யாண வீட்டுச் சமுக்காளம் நீளம் இருக்கும். தாழ்வாரத்தில் விரித்துப் போட்டு, ஷூவைக் கழற்றிவிட்டு, சாக்ஸ் காலோடு மேலே நடந்து பார்ப்போம். என் சாக்ஸில் பெருவிரல் பக்கம் நிரந்தரமாக ஓர் ஓட்டை உண்டு. பூமியின் ரகசியத்தை அந்த விரலும் எட்டிப் பார்க்கும்.

எங்கள் ஊர் அதிராம்பட்டினம். வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவில் இருப்பார். 'எம் மவன் ஒருத்தன்தான் அரபு நாட்டுக்குப் போவாதவன், அமெரிக்காவுல ஈக்கிறான்' என்று வாப்பா கடைத்தெருவில் பெருமை பேசுவார். அந்த மகன் டெக்சாஸில் உட்கார்ந்துகொண்டு பகல் முழுக்க அரபு மணலுக்கு அடியில்தான் கிடக்கிறான் என்பதை அவரிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை.

நகல் அறைக்கு எதிர் மேஜை ஹேங்க்குடையது. அறுபதைத் தாண்டியவர், நெட்டையான டெக்சாஸ்காரர். வாலிபத்தில் சர்வே கோஷ்டியோடு அரபு நாட்டில் லாரி ஓட்டி, வெடிக்குழி தோண்டி, பிறகு அலுவலகத்துக்குள் வந்து சேர்ந்தவர். அவர் பேசியது ஆங்கிலம். என் தமிழில் தருகிறேன், டெக்சாஸ் இழுவையை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்.

அங்கே எண்ணெய் கிடைத்த கதையை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். அவருக்கு முந்தைய தலைமுறை அமெரிக்கர்கள் கிணற்றுக்கு மேல் கிணறு தோண்டி ஏமாந்து, மூட்டை கட்டலாமா என்று யோசித்த நேரத்தில் எண்ணெய் பொங்கிய கதை. குவைத்தில் பிரிட்டிஷ்காரர்களும் அமெரிக்கர்களும் சரிபாதி பங்கு போட்டுக்கொண்டு துளையிட்ட கதை. மணலுக்கு மேலே இருந்த எல்லைக்கோட்டையும் ஒரு வெள்ளைக்காரர்தான் கூடாரத்தில் உட்கார்ந்து பென்சிலால் இழுத்தார் என்பார். இவ்வளவையும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு ஒன்றை மட்டும் சிரிக்காமல் சொல்வார்: "அந்த ஜனங்க எங்ககிட்ட கேட்டது தண்ணி. சில இடத்துல துளை போட்டா தண்ணிதான் வரும். அவங்க ஆடுவாங்க, பாடுவாங்க. நாங்க முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு அடுத்த இடத்துக்கு லாரியைக் கிளப்புவோம்."

என் அக்கா, எங்கள் பேச்சில் லாத்தா, அப்போது குவைத்தில் இருந்தாள். மச்சானுக்கு நாட்டின் மேற்கு ஓரத்தில், எண்ணெயையும் வாயுவையும் பிரித்தெடுக்கும் நிலையம் ஒன்றில் ஆபரேட்டர் வேலை. தவழுகிற வயதில் ஒரு பையன். வெள்ளிக்கிழமைதோறும் போனில் பேசுவோம். பையனின் வாயில் ரிசீவரை வைத்து 'மாமா சொல்லு' என்பாள். அவன் அதைக் கடித்துக்கொண்டிருக்கும் சத்தம் மட்டும் கேட்கும்.

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு காலை, அலுவலகத்துக்குப் போகும் வழியில் கார் ரேடியோவில் செய்தி வந்தது. இராக்கியப் படை குவைத்துக்குள் நுழைந்துவிட்டது. காரை ஓரம் கட்டிப் பக்கத்திலிருந்த பெட்ரோல் பங்கின் போனில் நாணயங்களைப் போட்டுச் சுற்றினேன். ஆபரேட்டர், லைன் இல்லை என்றாள். அலுவலகத்திலிருந்து சுற்றினேன், வீட்டிலிருந்து சுற்றினேன். மணியடிக்கவே இல்லை. கிணற்றில் கல்லைப் போட்டு 'டொபுக்'கென்ற சத்தம் வராமல் போனால் எப்படி இருக்கும், அப்படி.

அதற்குப் பிந்தைய வாரங்களை என்னால் வரிசையாகச் சொல்ல முடியாது. சாப்பாட்டு அறையில் பெட்ரோல் விலையைப் பற்றித்தான் பேச்சு. ஒருவன், "நமக்கு இனிமே நல்ல காலம்" என்று எண்ணெய் விலை ஏறப்போவதைச் சொல்லிக் கண்ணடித்தான். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். ஊரிலிருந்து உம்மா, "அவ கொரலக் கேட்டாத்தான்டா எனக்கு சோறு எறங்கும்" என்றார். மேஜையில் எனக்கு முன்னால் அந்த நாட்டின் படங்கள். மூன்று மைல் ஆழத்தில் எந்தப் பாறை எப்படி மடிந்திருக்கிறது என்று என்னால் சொல்ல முடியும். அதன்மேல் என் அக்கா உயிரோடு இருக்கிறாளா என்று சொல்ல முடியாது.

செப்டம்பரில் பம்பாயிலிருந்து போன் வந்தது.

"தம்பி, நாந்தான். புள்ள நல்லா ஈக்கிறான்."

அவளே சொல்லிக்கொண்டு போனாள். பஸ்ஸில் பாக்தாத், அங்கிருந்து ஜோர்டான் எல்லை, வெயிலில் கூடாரம், ஒரு வாளித் தண்ணீருக்கு அடிதடி, பிறகு அம்மானிலிருந்து விமானம். ஆனால் 'நான்' என்றாளே தவிர, 'நாங்கள்' என்று அவள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

"மச்சான் எங்க லாத்தா?"

"அவுகள வுடல தம்பி. ஸ்டேஷன்ல வேல பாத்த ஆளுவள மட்டும் தனியா லாரில ஏத்திட்டானுவ. எண்ண ஓடணுமாம். 'நீ புள்ளையோட கெளம்பு, நா பின்னாலயே வர்றேன்'னாக. துப்பாக்கிக்காரன் பக்கத்துலயே நிக்கிறான். நா என்னத்தச் சொல்ல?"

நிலையத்துக்குப் பக்கத்தில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்று உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் மச்சான் தங்கியிருந்த இடம். இப்போது அவரையும் மற்றவர்களையும் அங்கேயே அடைத்துக் காவல் போட்டு வேலை வாங்குகிறார்கள் என்று கூட வந்தவர்கள் சொன்னார்களாம். அதற்கு மேல் அவளுக்கும் தெரியவில்லை.

இலையுதிர் காலத்தில் மேலாளர் என்னையும் ஹேங்க்கையும் கூப்பிட்டார். அவசர வேலை. வாடிக்கையாளர் யாரென்று மேலாளர் சொல்ல மாட்டார். குவைத்தின் மேற்கு எல்லையில் பல வருடங்களுக்கு முன் எடுத்த சர்வேயிலிருந்து, மேல்மண்ணின் படம் மட்டும் வேண்டுமாம்.

இதை விளக்கியாக வேண்டும். எதிரொலி மேலே வரும்போது தளர்ந்த மணல் அதைக் குழப்பிவிடும். அதனால் மேல்மண் எங்கே எவ்வளவு தளர்வு என்று கணக்கிட்டு, அதைக் கழித்துத் தள்ளிவிடுவோம். எங்களுக்கு அது குப்பை. எங்கே கெட்டி, எங்கே புதைமணல், எங்கே மேலே அப்பளம்போல் காய்ந்து கீழே களியாகக் கிடக்கும் உப்புச்சேறு என்ற விவரமெல்லாம் அந்தக் குப்பையில் இருக்கும். எண்ணெய் தேடுகிறவனுக்கு அது வேண்டாம். பிறகு யாருக்கு வேண்டும்? டாங்கி ஓட்டுகிறவனுக்கு வேண்டும்.

நான் ஹேங்க்கைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படத்தை விரித்தேன். அதன் கிழக்கு ஓரத்தில் ஒரு சிறு சதுரம், மச்சானின் நிலையம். சதுரம் இருந்தது, குடியிருப்பு இல்லை. சர்வே எடுத்த காலத்தில் அது கட்டப்பட்டிருக்கவில்லை.

நகல் அறைக்குள் ஹேங்க்கைக் கூப்பிட்டுப் போய்க் கதவைச் சாத்தினேன். "நான் இதைச் செய்ய மாட்டேன்" என்றேன். வேலை போனால் விசா போகும், கிரீன் கார்டு மனு போகும் என்பதெல்லாம் தெரிந்தேதான் சொன்னேன்.

"நீ செய்யலேன்னா நான் செய்வேன். நான் செய்யலேன்னா வேற கம்பெனி செய்யும்" என்றார். பிறகு நிலையத்தின் சதுரத்தைக் காட்டி மெதுவாகக் கேட்டார். "உன் அக்கா புருஷன் தூங்குறது எங்கே?"

"தெரியாது. பக்கத்துல எங்கியோ."

"கண்டுபிடி. படத்துல போடுவோம்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. குண்டு போடப் போகிறவன் கையில் மச்சானின் படுக்கையை நானே காட்டிக் கொடுப்பதா? "அங்க சிப்பாய் இருப்பான்னு நெனச்சு மொதல்ல அதைத்தான அடிப்பாங்க?" என்று கத்தினேன்.

"அடிக்கலாம்" என்றார் ஹேங்க். "காலியான இடம்னு நெனச்சாலும் அடிக்கலாம். ஆள் தூங்குற இடம்னு எழுதியிருந்தா, அடிக்கிறவன் ஒரு தடவை யோசிக்கலாம். அதுக்கு மேல என்னால சத்தியம் பண்ண முடியாது. நீதான் சொல்லணும்."

அந்த முடிவை யார் தலையிலாவது கட்டிவிட முடியுமா என்று இரண்டு நாள் பார்த்தேன். வாப்பாவிடம் சொல்ல முடியாது. லாத்தாவிடம் சொல்லவே முடியாது. கடைசியில் ஒரு காலை ஊருக்குப் போன் போட்டேன். நாம் பேசியதே எதிரொலித்துத் திரும்பி வரும் லைன்.

"லாத்தா, மச்சான் மொதல்ல தங்கியிருந்த அந்த குவாட்டர்ஸ், ஸ்டேஷனுக்கு எந்தப் பக்கம்?"

"எதுக்குடா கேக்குறே?"

"சும்மாதான்."

"சும்மா கேக்குற நேரமாடா இது? எதாச்சும் சேதி வந்துச்சா? எங்கிட்ட மறைக்காத."

"ஒண்ணும் வரல லாத்தா. தெரிஞ்சா சொல்லு."

எதிர்முனையில் பையன் அழுதான். அவனை யாரோ தூக்கிக்கொண்டு போகும் சத்தம்.

"பக்கமெல்லாம் எனக்கு என்ன தெரியும்? ஒரு பெருநாளைக்குப் பிரியாணி ஆக்கி எடுத்துக்கிட்டுப் போனேன். கிட்டக்கதான். ஒரு சிகரெட்டு முடியறதுக்குள்ள நடந்து போயிடலாம்." கொஞ்சம் நிறுத்தினாள். "அங்க ஒரு கொழாயில ராப்பகலா நெருப்பு எரியுமே, தொழ நின்னா அதோட சூடு எடது தோளுக்குப் பின்னால அடிக்கும்னு சொல்வாக. பனிக்காலத்துல அது சொகமா ஈக்குமாம்."

வேண்டாத வாயுவை எரிக்கும் குழாய் அது. எங்கள் படத்தில் அது இருந்தது. நான் லாத்தா சொன்னதைச் சொல்லி முடிக்கும் முன்பே ஹேங்க் பென்சிலை எடுத்துவிட்டார். தொழுகிறவன் மக்காவைப் பார்த்து நிற்பான், அந்த ஊரிலிருந்து மக்கா தென்மேற்கு. தென்மேற்கே பார்த்து நிற்பவனின் இடது தோளுக்குப் பின்னால் இருப்பது கிழக்கு. நெருப்பு கிழக்கே என்றால் ஆட்கள் அதற்கு மேற்கே. ஒரு சிகரெட் நேர நடையை அவர் தன் நெட்டைக்காலால் தாழ்வாரத்தில் நடந்தே பார்த்தார். பிறகு பென்சிலை என்னிடம் நீட்டினார்.

நான்தான் வரைந்தேன். நீளமாக இரண்டு கட்டங்கள். பக்கத்தில் ஹேங்க் பெரிய எழுத்தில் எழுதினார்: 'இங்கே ஆட்கள் தூங்குகிறார்கள். தொழிலாளிகள். சிப்பாய்கள் அல்ல.'

படத்தை வாங்கிப் போக சாம்பல் நிற சூட்டில் ஒருவர் வந்தார். பெயரைச் சொல்லவில்லை. மேலாளர் பக்கத்திலேயே நின்றார். அந்த மனிதர் உப்புச்சேற்றையெல்லாம் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தவர், எங்கள் கட்டங்களில் நின்றார்.

"இது நாங்க கேட்டதுல இல்லையே. யார் சொன்னது?"

மேலாளர் முகம் வெளுத்தது. அவருக்குமே அது புதிது.

"என் அக்கா" என்றேன்.

அவர் அப்போதுதான் என்னைப் பார்த்தார். என் முகத்தை, என் சட்டைப்பையில் தொங்கிய பெயரட்டையை. அந்தப் பெயரை அவர் வாசித்து முடிக்க எடுத்துக்கொண்ட நேரம் எனக்கு இன்னும் முடியவில்லை.

"அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவ புருஷன் அங்க தூங்குறாரு."

"நாங்க மண்ணைப் பத்தி மட்டும்தான் கேட்டோம்" என்றார் அவர்.

"அந்த மண்ணு மேலதான் அவங்க படுத்திருக்காங்க" என்றார் ஹேங்க்.

வந்தவர் படத்தைச் சுருட்டிக் குழலுக்குள் போட்டு மூடியைத் திருகிக்கொண்டு போய்விட்டார். மேலாளர் என்னைக் கடிந்துகொள்வார் என்று காத்திருந்தேன். அவர் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதோடு சரி. நல்ல மனிதர்தான். அதற்குப் பிறகு அப்படிப்பட்ட வேலை எதையும் எனக்குத் தரவில்லை.

ஜனவரியில் போர் தொடங்கியது. தொலைக்காட்சியில் பச்சை இருட்டில் குண்டுகள் மின்மினிகளாகப் பறந்தன. சிப்பாய்கள் நலமாகத் திரும்ப வேண்டும் என்று அலுவலகத்தில் மஞ்சள் ரிப்பன் கட்டினார்கள், யாரோ கேக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு குண்டும் நான் வரைந்த கட்டத்தில்தான் விழுகிறது என்று எனக்குத் தோன்றும். தொழ நின்றால் ஓத வேண்டிய சூரா மறந்துபோகும். ஹேங்க் அந்த நாட்களில் தொலைக்காட்சி அறைப் பக்கமே வரவில்லை. காலையில் என் மேஜைக்கு வந்து, "ஏதாவது தெரிஞ்சுதா?" என்பார். இல்லை என்பேன். போய்விடுவார்.

போர் முடிந்தும் சேதி இல்லை. இராக்கியர்கள் கொளுத்திவிட்டுப் போன எண்ணெய்க் கிணறுகள் எரிந்தன. அதை அணைக்க இங்கே டெக்சாஸிலிருந்தே ஆட்கள் போனார்கள். தோண்டப் போனவர்களின் ஊர்க்காரர்களே அணைக்கவும் போகிறார்கள் என்று ஹேங்க் முனகினார்.

வசந்த காலத்தில் ஒருநாள் வாப்பாவே போன் போட்டார். செலவு என்று அவர் ஒருநாளும் போன் போட்டதில்லை. "வந்துட்டாருடா, வந்துட்டாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு அழுதார். மச்சான் ஈரான் வழியாகப் பம்பாய் வந்து, அங்கிருந்து ஊர் வந்து சேர்ந்திருந்தார்.

ஹேங்க்கிடம் ஓடினேன். அந்த நெட்டை மனிதர் எழுந்து நின்று என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டார். அவர் சட்டையெல்லாம் அம்மோனியா. 'நாம் பிழைக்க வைத்தோம்' என்று நாங்கள் இருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் உள்ளுக்குள் நினைத்துக்கொண்டோம். நான் நினைத்தேன்.

இரண்டு வருடம் கழித்து ஊருக்குப் போனபோதுதான் மச்சானை நேரில் பார்த்தேன். விடுமுறையில் வந்திருந்தார். ஆமாம், மறுபடியும் அங்கேயேதான் வேலைக்குப் போயிருந்தார். கிணறுகள் எரிந்துகொண்டிருந்தபோதே கூப்பிட்டுவிட்டார்களாம். பகலிலேயே விளக்குப் போட்டு வேலை, வெள்ளைச் சட்டை போட்டால் கறுப்பாகத் திரும்பி வரும் என்றார். மாடியில் நாங்கள் இருவரும்தான். நான் படத்தைப் பற்றி, கட்டங்களைப் பற்றி, லாத்தாவிடம் போனில் கேட்டதைப் பற்றி எல்லாம் சொன்னேன்.

முழுக்கக் கேட்டுவிட்டு மச்சான் சொன்னார்:

"மாப்ள, நாங்க அங்க இல்லவே இல்ல. குண்டு விழுறதுக்கு ஒரு மாசத்துக்கு முன்னாலயே எங்கள அள்ளிக்கிட்டு பஸ்ராவுக்குப் போயிட்டானுவ. அங்க ஒரு பள்ளிக்கூடத்துல போட்டு வச்சிருந்தானுவ. அதுக்குப் பக்கத்துலதான் குண்டு விழுந்துச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்ப அந்த குவாட்டர்ஸ்?"

"திரும்பி வந்து பாத்தேன். ஸ்டேஷன் தரைமட்டம். சுத்தி ஒண்ணு விடல. குவாட்டர்ஸ் மட்டும் அப்படியே நிக்கிது, கண்ணாடி கூட ஒடையல. உள்ள போனா எங்க கட்டில்லெல்லாம் அவனுவ படுத்திருந்திருக்கானுவ. சிப்பாய்ங்க. பாதி ரொட்டி, கம்பளி, எல்லாத்தயும் போட்டுட்டு ஓடிப் போயிருக்கானுவ. நாலஞ்சு பூட்ஸு கெடந்துச்சு. எடுத்துப் பாத்தா முன்னால காயிதத்தச் சுருட்டித் திணிச்சு வச்சிருக்கு. காலுக்குப் பெருசு போல. சின்னப் பசங்க மாப்ள."

தொழிலாளிகள், சிப்பாய்கள் அல்ல என்று எழுதியிருந்தோமே என்று என் வாய் தானாகச் சொன்னது. எங்கள் கட்டங்களால்தான் அது தப்பியதா, இல்லை குறி தவறியதா, இல்லை அந்த இரண்டு வரிசை வீட்டை யாரும் பொருட்படுத்தவில்லையா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

மச்சான் என் முழங்காலைத் தட்டினார். "யாரு படுத்திருந்தா என்ன மாப்ள? தூங்குறவன் தூங்குறவன்தான்."

திரும்பி வந்து ஹேங்க்கிடம் சொன்னேன். பூட்ஸைப் பற்றிச் சொன்னபோது கண்ணாடியைக் கழற்றினார். அந்த வருடமே ஓய்வு பெற்றுக்கொண்டார்.

கம்பெனியை யாரோ வாங்கி, வாங்கியவரை வேறு யாரோ வாங்கி, கடைசியில் இழுத்து மூடினார்கள். அந்த இடத்தில் இன்று நம்மவர்களின் கடை வரிசை. இப்போது எல்லாப் படமும் திரையிலேயே. காகிதத்தை விரித்துச் சாக்ஸ் காலோடு யாரும் நடப்பதில்லை. ஹேங்க் இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. மச்சானும் போன நோன்புக்கு முன்னால் போய்விட்டார். ரிசீவரைக் கடித்த பையனுக்குத் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. அவனுக்கு அந்தப் பயணத்தில் ஒன்றும் நினைவில்லை.

செயற்கைக்கோள் படத்தில் அந்த இடத்தைத் தேடிப் பார்த்தேன். குடியிருப்பை இடித்துவிட்டுப் புதிய குழாய்கள் போட்டிருக்கிறார்கள். இப்போது அந்த வாயுவை வீணாக எரிப்பதில்லையாம், நெருப்பும் இல்லை. சுற்றிலும் வழித்துவிட்டதுபோல் மணல். அங்கே ஒரு குளிர்காலம் முழுக்கப் படுத்துக்கிடந்த அந்தச் சிப்பாய்ப் பையன்கள், வெறுங்காலோடு ஓடியவர்கள், ஊர் போய்ச் சேர்ந்தார்களா என்று நான் யாரையும் கேட்க முடியாது. அவர்கள் அங்கே இருந்தார்கள் என்று தெரிந்த எங்கள் மூவரில் இப்போது நான் ஒருவன்தான் பாக்கி.